நான் வார்டுக்கு நின்றபோது

மனுத் தாக்கல் செய்யப் போன அன்று என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகவில்லை. சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறவர் அவர். உடம்பு சரியில்லை என்று காண்டிராக்டருக்குப் போனில் சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் அதே காண்டிராக்டர் நின்றுகொண்டிருந்தார். தன் தம்பி மனைவிக்கு மனுப் போட வந்திருந்தார். அவளும் நான் நிற்கிற வார்டுக்குத்தான்.

"ஒடம்புக்கு முடியலன்னு சொன்ன?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"ஆமாங்கண்ணே. இப்பதான் கொஞ்சம் தேவல."

"சரி சரி, பாத்துக்க."

கோபமே இல்லாமல் சிரித்தபடிதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் ஆபீசில் இருந்தவர் என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் பிறந்தது வரதராஜன்பேட்டையில். அங்கே காலையில் மாதா கோயில் மணி அடித்தால் ஊரே எழுந்திருக்கும். டீக்கடைக்காரர் முதல் சேர்மன் வரை எல்லாரும் பூசைக்கு வருகிறவர்கள். சிறுபான்மை என்ற வார்த்தையைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தேனே தவிர அது என்னைக் குறிக்கிற வார்த்தை என்று தோன்றியதில்லை. கல்யாணமாகி அரியலூர் பக்கம் இந்த ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கே நாங்கள் ஒரே ஒரு தெரு. தெருக்கோடியில் ஓட்டுக்கூரைக் கோயில். எங்கள் ஆட்களின் பாட்டன் முப்பாட்டனெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். இப்போது டிரைவர், கொத்தனார், நர்சு, பாலிடெக்னிக் வாத்தியார் என்று பல வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் பஞ்சாயத்து என்று வந்தால் ஓட்டுப் போடுவதோடு சரி. நிற்பதென்பது எங்கள் தெருவுக்குப் பழக்கமில்லாத விஷயம்.

நான் நிற்க வேண்டி வந்ததற்குக் காரணம் தண்ணீர்தான். கல் எடுக்கிற குழி ஆழமாகப் போகப்போக எங்கள் தெரு போர் வற்றிக்கொண்டே வந்தது. கடைசியில் காற்றுதான் வந்தது. மகளிர் குழுப் பெண்கள் நாலைந்து பேர் கிராம சபைக் கூட்டத்துக்குப் போனோம். குழுத் தலைவி என்பதால் நான் எழுந்து பேசினேன். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், பேச்சை முடிக்கக்கூட விடாமல் சொன்னார்: "ஒங்களுக்கென்னம்மா, ஒங்க சாமியாருக்கு வெளிநாட்டுலேர்ந்து பணம் வருதே. அவருகிட்டச் சொல்லி போர் போட்டுக்க வேண்டியதுதான?"

கூட்டம் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கோயில் பாதிரியாரான அவர் தன் மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றவே ஒரு மாதம் யோசிப்பார் என்பது அங்கே யாருக்குத் தெரியும்.

தேர்தல் அறிவித்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் சாமியார் மேற்றிராணியார், அதாவது பிஷப், அனுப்பிய சுற்றறிக்கையை வாசித்தார். எல்லாரும் தவறாமல் ஓட்டுப் போடணும், யாருக்கு என்று திருச்சபை சொல்லாது, நல்லவர்களாகப் பார்த்துப் போடுங்கள் என்று இருந்தது. வெளியே வந்ததும் இளவட்டங்கள் கொட்டகையில் கூடிவிட்டார்கள். இந்தத் தடவை எங்கள் வார்டு பொதுப் பிரிவில் பெண்களுக்கு என்று ஒதுக்கீடு ஆகியிருந்தது. எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

"பேங்கு மேனேஜர்கிட்டயே நீங்கதான பேசுறீங்க. நீங்களே நில்லுங்கக்கா."

எங்கள் தெருவில் ரிட்டயரான வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"எதுக்குப்பா வேண்டாத வேல? நம்ம தெருவுல பாதிப் பேரு சர்ட்டிபிகேட்டுல இந்து எஸ்.சி., கோயில்ல கிறிஸ்தவங்க. இந்தப் பொண்ணு நின்னா அத்தனையும் தோண்டுவானுங்க. படிக்கிற புள்ளைங்க ஸ்காலர்ஷிப்பு, ஆபீசுல இருக்கறவன் வேல, எல்லாத்துலயும் கை வைப்பானுங்க. தல குனிஞ்சு இருந்ததாலதான் இத்தன நாளு தப்பிச்சோம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. என் சான்றிதழில் சிக்கல் ஏதும் கிடையாது, பிறந்ததிலிருந்தே அதில் கிறிஸ்தவள்தான். ஆனால் என்னால் மற்றவர்களுக்கு ஒரு கெடுதல் வந்தால்? இருந்தும் கிராம சபையில் கேட்ட சிரிப்பு காதுக்குள்ளேயே இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் தெருவும் பக்கத்து மாரியம்மன் கோயில் தெருவும் சேர்ந்ததுதான் வார்டு. அந்தத் தெருதான் பெரிது. எல்லாரும் விவசாயக் கூலிகள், கொஞ்சம் பேர் கல் குழியில் வேலை செய்கிறவர்கள். அவர்களும் தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள்தான். எனக்குச் சீப்புச் சின்னம் கிடைத்தது. வீடு வீடாகப் போனேன். நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். பயம் கொஞ்சம் விட்டமாதிரி இருந்தது.

அந்தத் தெருக்கடைசி வீட்டில் ஒரு பெண் மூன்று வயசுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது.

"அக்கா, ரெண்டு நாளா அனலாக் கொதிக்கிது. நீங்க மாதா கோயில்காரங்கதான? ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

எங்கள் பக்கத்தில் இதெல்லாம் புதிதில்லை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் உடம்புக்கு முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள். நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. நெற்றியில் கை வைத்தேன், சுட்டது. கண்ணை மூடி மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி, கட்டைவிரலால் சிலுவை போட்டேன். "இதோட வுட்டுடாத, அரியலூர் ஜி.எச்.சுக்குத் தூக்கிட்டுப் போ" என்று சொன்னேன். கண்ணைத் திறந்தபோது எதிர் வீட்டு வேப்பமரத்தடியில் ஒருவன் செல்போனை எங்கள் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மதியம் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். குழுப்பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "அக்கா, இதப் பாத்தீங்களா?"

அவளுடைய போனில் நான். என் கை குழந்தையின் நெற்றியில். அந்தப் பெண் கேட்டது வீடியோவில் இல்லை, நான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதும் இல்லை. கையை வைப்பது, உதடு அசைவது, சிலுவை போடுவது, அவ்வளவுதான். மேலே பெரிய எழுத்தில், "ஓட்டுக் கேட்க வந்தார்களா, மதம் மாற்ற வந்தார்களா?"

தட்டைக் கீழே வைத்ததுகூட நினைவில்லை.

சாயங்காலத்துக்குள் பெரம்பலூரில் இருக்கிற என் தம்பி போன் செய்தான். "அக்கா, ஒன் மூஞ்சி எங்க ஆபீஸ் குரூப்புல வருது. கீழ எழுதியிருக்கறதப் படிக்க முடியல. பாப்பாவ மட்டுமாவது இங்க அனுப்பி வுடு."

மகள்களில் பெரியவள் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாள். சின்னவள் ஒன்பதாவது. அவளை மறுநாள் காலை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள், "அம்மா, நீ என்னம்மா தப்பு பண்ண?" என்று கேட்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் யார் அந்த வீடியோவைப் பார்த்தவர், யார் பார்க்காதவர் என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீடு வரை தலை நிமிராமல் நடந்தேன். அதே நாளில் காண்டிராக்டர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடு" என்றாராம். அப்போதும் சிரித்தாராம்.

சாமியார் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். முப்பது வயசுகூட ஆகாதவர். குருவாகி அவர் பார்க்கிற முதல் பங்கு, முதல் கோயில், இதுதான். பங்கு வீட்டு முன்னறையில் மின்விசிறிக்கு அடியிலும் அவருக்கு வியர்த்திருந்தது.

"ஸ்தோத்திரம் சாமி."

"ஒக்காருங்கம்மா." எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நம்ம கோயில் தேர்த் திருவிழாவுக்கு இன்னும் போலீஸ் பர்மிஷன் வரல. காலையில மூணு போன் வந்துச்சு. பேரு சொல்லல, கண்டபடி பேசுறாங்க. நீங்க... தேர்தல் முடியுற வரைக்கும் பூசைக்குப் பக்கத்துப் பங்குக்குப் போக முடியுமா?"

"கோயிலுக்கு வராதேங்கிறீங்களா சாமி?"

அவர் என்னைப் பார்க்காமல் மேசையில் இருந்த பேனாவை மூடித் திறந்தார். "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார்.

ஒரு சாமியார் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்கே பயம் என்றால் இனி யாரிடம் போவது என்றுதான் தோன்றியது. சரிங்க சாமி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். "ஒண்ணுமில்லம்மா, சும்மா விசாரணைதான். வந்துட்டுப் போங்க." சும்மா என்று சொல்லிக் கூப்பிட்டுப் போன கதைகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். வேலை தேடிப் போயிருந்த என் வீட்டுக்காரர் வரும்வரை காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் ரிட்டயர் வாத்தியார் நின்றார்.

"நான் சொன்னத நீ கேக்கல. அதுக்காகத் தனியா அனுப்ப முடியுமா? நட" என்றார்.

ஸ்டேஷனில் அந்தக் குழந்தையின் அம்மாவும் அவள் புருஷனும் முன்னாலேயே வந்திருந்தார்கள். அவன் காண்டிராக்டரிடம் கல் குழியில் வேலை செய்கிறவன் என்று அங்கேதான் தெரிந்தது. சுவரோரம் காண்டிராக்டரின் ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நின்றோம்.

இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணைக் கேட்டார். "ஜெபம் பண்ணச் சொல்லி நீ கேட்டியா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரோரம் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "இல்லிங்க சார். அவங்களாத்தான் வந்து கைய வச்சாங்க."

பொய் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. இனி கேஸ், கோர்ட்டு, ஜாமீன், என் மகளின் பள்ளிக்கூடம், தெருவின் சான்றிதழ்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக மனசு ஓடியது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். நான் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"பாப்பாவுக்குக் காச்ச வுட்டுச்சாம்மா?"

நான் யோசித்துக் கேட்டதில்லை அது. அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. "வுட்டுடுச்சுக்கா. நீங்க சொன்னீங்கன்னு அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன்."

அவள் புருஷன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரோரம் இருந்தவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு என்னிடம் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கினார். "ஓட்டுக் கேக்கப் போற எடத்துல சாமி கும்பிடாதீங்கம்மா. போங்க. தேவைப்பட்டாக் கூப்புடுறோம்."

அந்த 'தேவைப்பட்டால்' என்னைப் பயத்தில் வைக்கப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு போன் அடித்தாலே சமையலறையில் போய் நின்றுகொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் மோட்டார் சைக்கிள்களில் ஒரு கூட்டம் எங்கள் தெருவுக்குள் வந்தது. சாமியார் சொன்னபடி கோயிலுக்குப் போகாமல் நான் வீட்டில் இருந்தேன். ஹாரனை விடாமல் அடித்தார்கள். கோயில் கேட்டை யாரோ உதைத்தார்கள். என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். உள்ளே பாட்டு பாதியில் நின்றது. கதவுகள் ஒன்றொன்றாகச் சாத்தப்படும் சத்தம் என் வீடு வரை கேட்டது. நான் தாழ்ப்பாளைப் போட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றேன். என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் போகப் பார்த்தார். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். போலீஸ் ஜீப் வந்த பிறகுதான் கலைந்தார்கள். கண்ணாடி எதுவும் உடையவில்லை, யாருக்கும் அடியில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒருவரும் என்னிடம் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை. எதிரே வந்தால் சிரித்துவிட்டு வேகமாகப் போனார்கள்.

ஓட்டுப்பதிவு அன்று காலையில் ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே, எல்லைக் கோட்டுக்கு வெளியே நான் நின்றேன். மாரியம்மன் கோயில் தெருப் பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. நேரம் போனது. என்னை நம்பி மனுவில் கையெழுத்துப் போட்ட இளவட்டங்கள்கூட வரவில்லை. காண்டிராக்டரின் ஆட்கள் பந்தலில் உட்கார்ந்து எங்கள் தெரு முக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அந்த முக்கில் வெள்ளை அங்கி தெரிந்தது. சாமியார் தனியாக நடந்து வந்தார். இந்தப் பங்குக்கு வந்ததுமே ஓட்டை இங்கே மாற்றிக்கொண்டவர் அவர். ஓட்டுப் போடப் போனால் பேண்ட் சட்டையில் போங்கள் என்று மற்றச் சாமியார்கள் சொல்லியிருந்தார்களாம், பிறகு கேள்விப்பட்டேன். அவர் அங்கியோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். ஓட்டர் ஐ.டி.யை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். ரோட்டின் இந்தப் பக்கமிருந்தே எனக்குத் தெரிந்தது. பந்தலில் யாரோ எதுவோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் ரிட்டயர் வாத்தியார் தன் மனைவியோடு வந்தார். பிறகு கொத்தனார் வீட்டுக்காரர்கள். பிறகு தெரு வரத் தொடங்கியது.

சாமியார் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தார். என்னைத் தாண்டும்போது நிற்காமலே, "ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்துடுங்கம்மா" என்றார்.

எண்ணிக்கை அன்று நான் ஜெயித்ததாகச் சொன்னதும் மறுபடி எண்ணச் சொல்லி காண்டிராக்டரின் ஆட்கள் கேட்டார்கள். எண்ணினார்கள். அந்த நேரம் முழுவதும் நான் வெளியே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெயிக்க வேண்டும் என்று வேண்டவில்லை என்பதை யாரிடமும் சொன்னதில்லை. தோற்றுவிட்டால் என்னை விட்டுவிடுவார்கள், சின்னவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுபடியும் என் பெயரையே சொன்னார்கள். ரொம்பக் கொஞ்ச வித்தியாசம்.

வாத்தியார்தான் பிறகு சொன்னார். "நம்ம ஆளுங்கள்லயே கொஞ்சம் பேரு ஒனக்குப் போடல. போட்டாத் தெரிஞ்சிபோயிடும்னு பயம். மாரியம்மன் கோயில் தெருதான் ஒன்னயத் தூக்கி வுட்டுச்சு." யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று நான் கேட்கவில்லை. அந்தக் குழந்தையின் அம்மா போட்டாளா என்பதும் எனக்குத் தெரியாது.

பதவி ஏற்கும்போது கடவுள் பேரால் உறுதி சொல்லலாம், கடவுள் பேர் இல்லாமல் உளமார என்றும் சொல்லலாம் என்றார்கள். கடவுள் என்று சொல்லத்தான் நினைத்துப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். என் முறை வந்தபோது கூடத்தில் நாலைந்து போன்கள் மேலே உயர்ந்தன. என் வாயில் உளமார என்றுதான் வந்தது. சொல்லி முடித்து உட்கார்ந்த பிறகு கடவுள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு சின்னவளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு ஆலத்தியூர் பக்கம் வேறொருவரிடம் வண்டி கிடைத்தது, தூரம் அதிகம். இரண்டு தெருவுக்கும் பொதுவாகப் போர் போட ஒன்றியத்தில் பேசினேன். முதல் இடத்தில் தண்ணீர் வரவில்லை. அடுத்த இடத்தில் வந்தது, கொஞ்சம் உப்பு.

போன மாதம் ஜெயங்கொண்டம் போகிற பஸ்ஸில் ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், பக்கத்தில் காண்டிராக்டரின் தம்பி மனைவி. என்னை எதிர்த்து நின்றவள். எழுந்து வேறு சீட்டுக்குப் போகலாமா என்று நினைத்தேன், பஸ் கிளம்பிவிட்டது. இரண்டு பேரும் கொஞ்ச தூரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனோம். கல்லங்குறிச்சியில் சனிக்கிழமைப் பெருமாள் கோயில் கூட்டம் ஏறியது. எங்களை நெருக்கி உட்கார வைத்தது.

"ஒங்களுக்கு அன்னைக்கெல்லாம் பயமா இருந்துச்சாக்கா?" என்று திடீரென்று கேட்டாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வேவு பார்க்கிற மாதிரி இல்லை.

"இருந்துச்சு. இப்பயும்தான்."

"எனக்கும்தான். எனக்கு நிக்கவே இஷ்டமில்ல. வூட்டுல கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். அந்த வீடியோ வந்தன்னைக்கு நம்மளால இப்படி ஆவுதேன்னு எனக்குச் சோறு எறங்கல. தோத்ததும் மாடிக்குப் போயி தனியாச் சிரிச்சேன். அடுத்த வாட்டியும் என்னையதான் நிக்கச் சொல்லுவாங்க. என்னாக்கா சொல்றது?"

நான் அவளுக்கு என்ன சொல்வது. முடியாது என்று சொல் என்று சொல்வது எனக்குச் சுலபம், ஆனால் அவள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். "அடுத்த கிராம சபைக்கு வாயேன், என் பக்கத்துல வந்து ஒக்காரு" என்றேன். அவள் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்தாள். நானும் பார்த்தேன். யாரும் இல்லை. என் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.